தொப்பியும் மரியாதையும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. தலைவன், தலைமை, தலைநகர், தலையாய கடமை என்று உயர்ந்தவற்றுக்கெல்லாம் தலையின் பெயரையே இட்டு வழங்கினர் தமிழர். பெருமையோடு வாழ்பவனைத் தலைநிமிர்ந்தவன் என்கிறோம். மானமிழந்தவன் தலைகுனிந்தான் என்கிறோம். ஆகவே தலையின்மேல் அணியும் பொருள் வெயிலையும் மழையையும் தடுப்பதோடு நின்றுவிடவில்லை. அணிந்தவன் யார், அவன் எந்நிலையினன், எவருக்குப் பணிகிறான், எவருக்குப் பணிய மறுக்கிறான் என்பவற்றையும் அது ஊருக்கு அறிவித்து வந்துள்ளது. இன்று நாம் காணப்போவது ஆங்கிலேயரின் தொப்பிகளைப் பற்றி. அவற்றின் வகைகளையும் வரலாற்றையும் முதலில் நோக்கி, அவற்றோடு கூடிவந்த மரியாதை முறை நம் நாட்டில் எழுப்பிய ஒரு பெரிய கேள்வியையும் பின்னர் ஆராய்வோம்.

இப்பொருளைப் பற்றிப் பேசத் திருகோணமலை பொருத்தமான இடமே. இத்துறைமுகத்துக்கு வந்து போன தொப்பிகள் பல. போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் கைப்பற்றியிருந்தனர், 1795ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கவர்ந்துகொண்டனர். அன்று தொடங்கி 1957ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பிரதமர் பண்டாரநாயக்காவின் ஆட்சியில், கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலக் கடற்படையினரின் தொப்பிகள் எமது வீதிகளில் நடமாடின. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தாரான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852ஆம் ஆண்டில் பர்மாவில் உயிர்நீத்து, எமது நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் காலத்துத் தளபதிகள் அணிந்தது, விளிம்பை இருபுறமும் மேல்நோக்கி மடித்த ஒருவகைத் தொப்பி. நெல்சனின் படங்களில் நேயர்கள் அதனைக் கண்டிருக்கலாம். சாதாரண மாலுமி அணிந்ததோ வேறு. தொப்பியைத் தொலைவில் கண்டவுடனேயே வருபவர் தளபதியா, மாலுமியா என்பது விளங்கிவிடும்.

தொப்பியால் மனிதரைத் தரம்பிரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழைமையானது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1571ஆம் ஆண்டில், பாராளுமன்றம் ஒரு விசித்திரமான சட்டத்தை இயற்றியது. ஆறு வயதுக்கு மேற்பட்டோர், உயர்குடியினர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் உள்நாட்டில் செய்த கம்பளித் தொப்பி அணிதல் வேண்டும். அணியாதார் அபராதம் செலுத்துதல் வேண்டும். கம்பளி நெய்வோரின் தொழிலைக் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம். 1597ஆம் ஆண்டில் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் கம்பளித் தொப்பி பாமர மக்களின் சின்னமாக நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் ஆங்கிலத் தொழிலாளி அணிந்த தட்டையான துணித்தொப்பியை அதன் வழித்தோன்றல் எனக் கருதுவோர் உளர்.

செல்வர்களின் தொப்பிக்கு வேறு மூலப்பொருள் தேவைப்பட்டது. பீவர் என்னும் விலங்கின் மென்மையான உரோமத்தை நீராவியில் பதப்படுத்தி, அழுத்தி, கெட்டியான துணியாக்கி, அதிலிருந்து தொப்பி செய்தனர். மழையில் நனைந்தாலும் உருக்குலையாத உறுதி அதற்கு உண்டு. ஐரோப்பாவில் இவ்விலங்கு அருகிப்போகவே, வட அமெரிக்கக் காடுகளில் அதனைத் தேடிப் புறப்பட்டனர். 1670ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற ஹட்சன் குடாக் கம்பனியின் பெருவணிகம் இவ்வுரோமத்தின்மீதே எழுந்தது. இலண்டன் கனவான் ஒருவரின் தலைக்கு அழகு சேர்ப்பதற்காகக் கனடாவின் பனிக்காடுகளில் பீவர் இனம் வேட்டையாடப்பட்டது. கறுவாவுக்காகவும் மிளகுக்காகவும் நம் கரைகளை நாடி வந்த அதே வணிக வேட்கைதான் அங்கும் சென்றது.

தொப்பி செய்தோரின் நிலையோ இரங்கத்தக்கது. உரோமத்தைப் பதப்படுத்துவதற்குப் பாதரசம் கலந்த கரைசலைப் பயன்படுத்தினர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரின் கைகள் நடுங்கின, பேச்சுத் தடுமாறியது, சித்தம் கலங்கியது. தொப்பிக்காரனைப் போன்ற பைத்தியம் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அது இந்நோயினால் பிறந்தது என்று பலர் கூறுவர். கனவானின் தலை நிமிர்வதற்குத் தொழிலாளியின் மூளை விலையாயிற்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அரசாங்கமும் தொப்பியை விட்டுவைக்கவில்லை. 1784ஆம் ஆண்டில் பிரதமர் பிற் ஆண்களின் தொப்பிக்கு வரி விதித்தார். நான்கு சிலிங்குக்கு மேற்படாத தொப்பிக்கு மூன்று பென்ஸ்; பன்னிரண்டு சிலிங்குக்கு மேற்பட்டதற்கு இரண்டு சிலிங்கு. வரி செலுத்தியதற்குச் சான்றாகத் தொப்பியின் உட்புறத்தில் முத்திரை ஒட்டப்பட்டது. விலையுயர்ந்த தொப்பி அணிபவன் செல்வன், செல்வன் அதிக வரி செலுத்தலாம் என்பதே இதிலுள்ள எளிய கணக்கு. அம்முத்திரையைப் போலியாகச் செய்தோருக்கு மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் ஆறுதல் சொல்லுவதுண்டு. அங்கோ தொப்பிக்கு வந்தது தலையையும் கொண்டுபோகக்கூடியதாயிருந்தது. இவ்வரி 1811ஆம் ஆண்டில் ஒழிந்தது.

இனித் தொப்பி வகைகளுள் முக்கியமான சிலவற்றைக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசன் எனத்தக்கது உயரமான பட்டுத்தொப்பி. புகைபோக்கி போல நேராக எழுந்து, கருமையாய்ப் பளபளப்பது. முதலில் பீவர் உரோமத்தால் ஆயிற்று. பின்னர் பட்டுத்துணியால் ஆயிற்று. பட்டு வந்தபின் பீவர் வேட்டை தணிந்தது. இதனை அணிந்தவர் குனிந்து வேலை செய்ய இயலாது; ஓடவும் இயலாது. உடலுழைப்பு எனக்கு உரியதன்று என்று சொல்லாமற் சொல்லுவதே அதன் உயரத்தின் பொருள். நாடக அரங்கில் பின்னால் இருப்போருக்கு இது மறைத்ததால், உள்ளே சுருள்கம்பி வைத்துத் தட்டையாக மடிக்கக்கூடிய வகை ஒன்றும் தோன்றியது.

இரண்டாவது பௌலர் எனப்படும் உருண்டைத் தொப்பி. சார்லி சப்ளினின் தொப்பி என்றால் நேயர்களுக்கு உடனே விளங்கும். இதன் பிறப்பு 1849ஆம் ஆண்டில். இலண்டனில் 1676ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் லொக் என்னும் தொப்பிக் கடைக்கு எட்வேர்ட் கோக் என்னும் பிரபு குடும்பத்தவர் வந்தார். தம் குடும்பத் தோட்டங்களின் வேட்டைக் காவலர்கள் குதிரைமேற் செல்லும்போது தாழ்ந்த கிளைகள் உயரமான தொப்பிகளைத் தட்டிவிடுகின்றன. எனவே தாழ்வானதும் உறுதியானதுமான ஒரு தொப்பி வேண்டும் என்றார். பௌலர் என்னும் குடும்பப் பெயர்கொண்ட தொப்பி செய்வோர் அதனைச் செய்துகொடுத்தனர். கோக் அதனை நிலத்தில் வைத்துக் காலால் இருமுறை மிதித்துப் பார்த்து, அது நெளியாமை கண்டு வாங்கிச் சென்றார் என்று கதை வழங்குகிறது. காவலருக்காகப் பிறந்த இத்தொப்பி பின்னர் இலண்டன் வங்கியாளரின் அடையாளமாயிற்று. கப்பல் கட்டும் தளங்களில் மேற்பார்வையாளரின் அடையாளமும் அதுவே. துணித்தொப்பி அணிந்த தொழிலாளர் நூற்றுவர் நடுவே பௌலர் அணிந்த ஒருவர் வந்தால் அவரே மேலாளர் என்பது சொல்லாமலே புலனாகும்.

மூன்றாவது ஹொம்பேர்க். உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளமும், மேலே சுருண்ட விளிம்பும் உடையது. பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர் இளவரசராக இருந்தபோது ஜெர்மனியின் ஹொம்பேர்க் நகரிலிருந்து இதனைக் கொண்டுவந்து பரப்பினார். 1930களில் அந்தனி ஈடன் என்னும் அரசியல்வாதி இவ்வகைத் தொப்பியை விரும்பி அணிந்தமையால், மக்கள் அதற்கு அவர் பெயரையே இட்டனர். நான்காவது ட்றில்பி. விளிம்பு குறுகிய மென்மையான தொப்பி இது. ஜோர்ஜ் டு மோரியர் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் பெயர் ட்றில்பி. அது நாடகமாக நடிக்கப்பட்டபோது மேடையில் அணியப்பட்ட தொப்பிக்கு அப்பெயரே நிலைத்தது. கதைத்தலைவி ஒருத்தியின் பெயர் ஆண்களின் தொப்பிக்கு வந்தமை வியப்பே. ஐந்தாவது, தட்டையான உச்சியும் நாடாவும் உடைய வைக்கோல் தொப்பி. படகுப் போட்டிக்கும் கோடைக்கும் உரியது. லூட்டன் நகரத்தார் வைக்கோல் பின்னித் தொப்பி செய்வதில் பெயர்பெற்றிருந்தனர். இன்றும் அந்நகரின் உதைபந்தாட்டக் கழகத்தாருக்குத் தொப்பிக்காரர் என்பதே செல்லப்பெயர்.

இனி மரியாதை முறைக்கு வருவோம். ஆங்கிலேயர் தொப்பியை அணிவதற்கு வகுத்த விதிகளைக் காட்டிலும் கழற்றுவதற்கு வகுத்த விதிகளே அதிகம். வீட்டினுள் நுழைந்தால் கழற்றவேண்டும். தேவாலயத்தில் ஆண்கள் கழற்றவேண்டும். சவ ஊர்வலம் கடக்கும்போது கழற்றவேண்டும். அறிமுகமான பெண்ணைத் தெருவிற் கண்டால் சற்றே உயர்த்தவேண்டும். சமமான நண்பரைக் கண்டால் விளிம்பைத் தொட்டாற் போதும். தொழிலாளி முதலாளியின் முன் தொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டே நின்றான். விக்ரோறியா அரசியின் காலத்தில், குறுகிய நேரச் சந்திப்புக்காக ஒரு வீட்டுக்குச் செல்பவர் தம் தொப்பியைக் கையோடு வரவேற்பறைக்குள் எடுத்துச் செல்வார். நான் நெடுநேரம் தங்கமாட்டேன் என்பதற்கு அதுவே அறிகுறி.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? முற்கால வீரன் தன் தலைக்கவசத்தைக் கழற்றி, உம்மிடம் எனக்குப் பயமில்லை, உமக்கு என்னால் தீங்கில்லை என்று காட்டியதிலிருந்து வந்தது என்பர். இராணுவத்தில் கையுயர்த்தி வணங்கும் முறையும் இதன் தொடர்ச்சியே. 1745ஆம் ஆண்டில் கோல்ட்ஸ்றீம் காவற்படைக்கு விடுத்த கட்டளையொன்று, அதிகாரியைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றவேண்டா, கையைத் தொப்பிக்கு உயர்த்தினாற் போதும் என்றது. கடற்படையில் தொப்பி கழற்றும் வழக்கம் மேலும் நெடுங்காலம் நீடித்து, 1890ஆம் ஆண்டில் விக்ரோறியா அரசியின் விருப்பப்படி கையுயர்த்தும் வணக்கமாக மாறியது. பிரித்தானியப் படை மரபில் தலையில் தொப்பி இல்லாதவர் கையுயர்த்தி வணங்குவதில்லை. நிமிர்ந்து நிற்பதோடு சரி.

மிக விநோதமான விதி பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இருந்தது. அங்கு உறுப்பினர் தொப்பியுடன் அமர்ந்திருக்கலாம். பேச எழும்போது கழற்றவேண்டும். ஆனால் வாக்கெடுப்பு நடைபெறும் வேளையில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப விரும்புபவர் அமர்ந்தவாறே, தலையை மூடிக்கொண்டே பேசவேண்டும். தொப்பி அணியும் வழக்கம் அருகிய பின்பும் விதி மாறவில்லை. அதற்காக மடிக்கும் தொப்பிகளைச் சபையில் வைத்திருந்து, தேவைப்பட்டபோது உறுப்பினருக்குக் கொடுத்தனர். 1998ஆம் ஆண்டில்தான் இவ்விதி நீங்கியது.

தொப்பியைக் கழற்றுவது வெறும் நாகரிகம் என்று எண்ணுவோர், கழற்ற மறுத்தவர்களின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் தோன்றினர். கடவுளின் முன்னன்றி மனிதரின் முன் தலையைத் திறப்பதில்லை என்பது அவர்களின் கொள்கை. மன்னராயினும் நீதிபதியாயினும் அவர்களுக்கு ஒன்றே. 1670ஆம் ஆண்டில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் இருவரும் வீதியிற் கூட்டங்கூடிப் போதித்தமைக்காக இலண்டன் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். அவர்களுடைய தொப்பிகள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. நீதிபதிகள் அத்தொப்பிகளை மீண்டும் அவர்கள் தலையில் வைக்கச் செய்து, பின்னர் தொப்பி கழற்றாமல் நின்றது நீதிமன்ற அவமதிப்பு என்று ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தனர்! எட்வேர்ட் புஷெல் முதலிய யூரிமார் அவ்விருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்க மறுத்தனர். அதற்காக அவர்களே சிறைப்பட்டனர். தீர்ப்புக்காக யூரிமாரைத் தண்டித்தல் ஆகாது என்னும் பெருங்கொள்கை அவ்வழக்கின் பயனாகவே ஆங்கிலச் சட்டத்தில் நிலைபெற்றது.

இத்தகைய தொப்பி மரபோடு ஆங்கிலேயர் வெப்பநாடுகளை ஆள வந்தனர். நம் வெயில் தம் மூளையை உருக்கிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தின் பயன் சோலாத் தொப்பி. பலர் நினைப்பதுபோல, சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் வரவில்லை. சோலா என்பது ஒரு செடியின் வடநாட்டுப் பெயர். அதுவே நமக்குப் பழக்கமான நெட்டி. குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்வது. நம் கைவினைஞர் மாலையும் பொம்மையும் செய்யும் அதே நெட்டியின் வெண்மையான தக்கையை அடுக்காக ஒட்டி, மேலே துணி போர்த்துத் தொப்பியாக்கினர். இலேசானது, வெப்பத்தைத் தடுப்பது. தோட்டத்துரை, அரசாங்க அதிபர், நில அளவையாளர் என்று அதிகாரம் சென்றவிடமெல்லாம் இத்தொப்பியும் சென்றது. அடக்கியாள வந்தவரின் சின்னத்தை நம் சதுப்புநிலச் செடியே தந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தொப்பி இன்றியே போர்வீரர் வெயிலில் நலமாயிருந்தமை கண்டு, அதனைப் படிப்படியாகக் கைவிட்டனர். கிழக்கை விட்டு நீங்கும் ஆங்கிலேயர், சுயெஸ் கால்வாயின் வாயிலைத் தாண்டியதும் அதனைக் கடலில் எறிவது ஒரு சடங்காயிருந்தது என்பர்.

ஆங்கிலேயர் இங்கு வந்து கண்ட மரியாதை முறை தம்முடையதற்கு நேர்மாறானது. கீழைநாடுகளில் தலைப்பாகை கட்டிக்கொண்டு பெரியோர்முன் தோன்றுவதே மரியாதை. கழற்ற வேண்டியது காலணியை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதியரசரான முத்துசாமி ஐயரின் சிலை அந்நீதிமன்றத்தில் இருக்கிறது. தலையில் பாகை, காலிலோ பாதரட்சை இல்லை. நம் கோயில்களில் பெருமைக்குரியோருக்குப் பரிவட்டம் கட்டுவர். அது தலையைத் திறப்பதன்று, தலையில் துணி சுற்றிச் சிறப்பிப்பது. சேர் பொன்னம்பலம் இராமநாதனையும் டாக்டர் இராதாகிருஷ்ணனையும் பாரதியாரையும் தலைப்பாகையின்றி நம் மனக்கண்ணாற் காண்பது அரிது. பணிவைக் காட்ட நம்மவர் இறக்கியது தோளிலுள்ள சால்வையை. அதிலும் கொடுமை உண்டு. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் சால்வையைத் தோளிலிடவே உரிமையற்றிருந்த காலம் நம்மிடையே இருந்தது. துணித்தொப்பியைக் கையிற் பிடித்து நின்ற ஆங்கிலத் தொழிலாளியின் நிலையும், சால்வையை இடுப்பிற் கட்டி நின்ற நம்மவர் நிலையும் வேறல்ல. ஆகவே மரபு நம்முடையது என்பதனாலேயே அது குற்றமற்றது ஆகிவிடாது.

இவ்விரு மரபுகளும் இலங்கையில் நேருக்குநேர் மோதிய ஆண்டு 1905. அப்பொழுது முஸ்லிம்கள் பலர் துருக்கித் தொப்பி அணிந்து வந்தனர். எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்டுத் தோற்ற அராபி பாஷா 1883ஆம் ஆண்டில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1901 வரை இங்கு வாழ்ந்தார். அவருடைய வருகை இச்சிவப்புத் தொப்பியின் செல்வாக்கை இங்கு வளர்த்தது. விளிம்பு இல்லாமையால், தொழுகையில் நெற்றி நிலத்திற் படுவதற்கு அது தடையாவதில்லை.

1905ஆம் ஆண்டு மே மாதத்தில் எம். சி. அப்துல் காதர் என்னும் முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றில் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் அதனை ஏற்கவில்லை. மேல்நாட்டு முறைப்படி சப்பாத்து அணிந்து வருபவர் மேல்நாட்டு முறைப்படியே தலையைத் திறக்கவேண்டும். கீழைநாட்டு முறைப்படி தலையை மூடிக்கொள்பவர் கீழைநாட்டு முறைப்படியே சப்பாத்தைக் கழற்றவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அப்துல் காதர் இரண்டிற்கும் இணங்கவில்லை.

நீதியரசரின் வாதத்தை ஊன்றி நோக்கினால், அதில் ஓர் ஒழுங்கு இருப்பதுபோலத் தோன்றும். ஒரு மரபை ஏற்றால் முழுமையாக ஏற்கவேண்டும் என்கிறார். ஆனால் வாழும் மனிதர் மரபுகளை அவ்வாறு மூட்டையாகக் கட்டி வாங்குவதில்லை. சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்குத் தந்தது. அதனை அணிவதனால் ஒருவர் தம் சமயத்தையும் மரபையும் வாயிலில் விட்டுவர வேண்டும் என்பது நியாயமாகுமா? அன்றியும், தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் சட்டத்தைப் பற்றியன்றித் தலையைப் பற்றியும் காலைப் பற்றியும் வினவியது அவருடைய சமுதாயத்தார் அனைவரையும் புண்படுத்தியது. அவர்கள் கண்ணில் அது ஒருவரின் தொப்பியைப் பற்றிய தகராறு அன்று. இந்நாட்டின் நீதிமன்றில் தாமாகவே நின்று பேசும் உரிமை தமக்கு உண்டா என்னும் கேள்வி.

எதிர்ப்புக் கூட்டங்கள் எழுந்தன. 1905 டிசம்பர் 31ஆந் திகதி கொழும்பில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர். விண்ணப்பங்கள் மேலிடங்களுக்குச் சென்றன. கலவரமின்றி, கூட்டத்தாலும் எழுத்தாலும் நடத்தப்பட்ட கிளர்ச்சி அது. ஈற்றில் துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றில் தோன்றும் உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே 1905ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி முதலியோர் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, மேல்நாட்டு உடையையும் பழக்கங்களையும் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. உடையைப் பற்றிய சிந்தனை, அரசியல் விழிப்புக்கு ஒரு வாயிலாயிற்று.

இக்கதைக்கு வெளிநாட்டில் ஒரு பின்னுரை உண்டு. எந்தத் தொப்பிக்காகக் கொழும்பு முஸ்லிம்கள் போராடினரோ, அதனைத் துருக்கி நாடே 1925 நவம்பரில் சட்டத்தால் விலக்கியது. முஸ்தபா கமாலின் அரசு, ஐரோப்பியத் தொப்பியே நாகரிகம் என்று கட்டளையிட்டது. எதிர்த்தோருட் சிலர் தூக்குமேடை ஏறினர். ஆனால் அச்சிவப்புத் தொப்பிதானும் பழைய மரபன்று. 1829ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூது தம் அலுவலர்களின் தலைப்பாகைகளை நீக்கி, சட்டத்தின் வலியால் அணிவித்த புதுமையே அது. ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே நாட்டில் ஒரே பொருள் புதுமையாகவும் மரபாகவும் குற்றமாகவும் ஆயிற்று.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? தொப்பியில் மரியாதை இல்லை. கழற்றுவதிலும் இல்லை, கட்டுவதிலும் இல்லை. ஒரு மொழியில் ஒரு சொல்லுக்குள்ள பொருள் பிறிதொரு மொழியில் மாறுவதுபோல, ஒரே செயல் ஓரிடத்தில் பணிவும் பிறிதோரிடத்தில் அவமதிப்பும் ஆகிறது. பிறர் மொழி தெரியாதவன் அவர்களை ஊமையர் என்று கருதுவது பேதைமை. பிறர் மரியாதை முறையை அறியாது அவர்களை மரியாதையற்றவர் என்று கருதுவதும் அத்தகையதே. லேயார்ட் கெட்ட மனிதர் என்று கூறவேண்டியதில்லை. தம் மொழி ஒன்றே மொழி என்று அவர் நம்பினார். அவருடைய கையில் அதிகாரமும் இருந்தது. இவ்விரண்டும் சேரும்போதே தீங்கு விளைகிறது.

எமது நகரில் இதனைப் பயில்வதற்கு நூல் வேண்டா. பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர் காலணியை நீக்குகின்றனர். பள்ளிவாசலில் காலணியை நீக்கித் தலையை மூடித் தொழுகின்றனர். தேவாலயத்தில் ஆண்கள் தலையைத் திறந்து நிற்கின்றனர். விகாரையில் தொப்பியையும் காலணியையும் ஒருங்கே நீக்குகின்றனர். கடற்படைத் தளத்திலோ அதிகாரிகள், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வடிவிலேயே வெண்ணிறத் தொப்பி அணிந்து கையுயர்த்தி வணங்குகின்றனர். அத்தொப்பி இன்று எவருடைய ஆதிக்கத்தையும் குறிப்பதில்லை. நம் நாட்டின் சேவையையே குறிக்கிறது. நான்கு சமயத்தாரும் வாழும் ஊரில் ஒரே நாளில் ஒரு சிறுவன் இத்தனை மரியாதை மொழிகளையும் காணலாம்.

ஆயினும் கண்டால் மட்டும் போதாது. அண்மை ஆண்டுகளில் எமது மாவட்டத்திலேயே, பள்ளியில் எவர் எவ்வுடை அணியலாம் என்னும் கேள்வி நீதிமன்றம் வரை சென்றதை நேயர்கள் அறிவார்கள். அவ்வழக்கைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது என் பணியன்று. பாடசாலை அதிபராகப் பல ஆண்டு பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று மட்டும் கூறுவேன். பிள்ளையின் தலையில் என்ன இருக்கிறது, காலில் என்ன இருக்கிறது என்று கேட்பது எளிது. அதனைச் சுற்றறிக்கை ஒன்றினால் முடித்துவிடலாம். அவர் அதனை ஏன் அணிகிறார் என்று கேட்டுப் பொறுமையோடு செவிமடுப்பது கடினம். ஒழுங்குக்கு விதிகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விதியை எழுதுபவர், அது யாருடைய தலைமேல் விழப்போகிறதோ அவரோடும் அமர்ந்து பேசிய பின்னர் எழுதுவதே முறை. 1905ஆம் ஆண்டில் கொழும்பு நீதிமன்றில் அது நிகழ்ந்திருந்தால், ஒரு சமுதாயம் முழுவதும் மனம் புண்பட்டுத் தெருவுக்கு வரவேண்டிய தேவை ஏற்பட்டிராது.